எப்போதும் இப்படித்தான் எழுதுவார்

பள்ளிக்கூடத்து அழைப்பை வாங்கிய கையோடு சல்லடையை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் கிளம்பிவிட்டோம். ஒரு வாரமாக அவள் அங்கேயே நின்றிருப்பாளோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நின்று யோசிக்கிற ரகம் இல்லை அவள். நடந்துகொண்டே சந்தேகப்படுகிற ரகம்.

இடையில் சேர்ந்துகொள்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. சல்லடை என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, எது மெய், எது புளுகு என்று பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. கார் தானாக உருண்டது, கடை தானாக எரிந்தது என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவள் மேசையைத் தாண்டிப் போனதில்லை. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். ஒரே மகள், இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு.

அவர்கள் குடியிருக்கும் பழைய அடுக்குமாடியை வாங்கி இடித்துக் கட்ட ஒரு கட்டுமானக்காரர் சுற்றிச் சுற்றி வருகிறார். விற்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய் ஆள் திரட்டுகிறவள் சல்லடை. 'உன் இஷ்டம்தான் என் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறவர் வீட்டுக்காரர். இந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம்.

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடத்து அழைப்பு. "உங்க பொண்ணு வீட்ல எழுதிக்கிட்டு வந்த கட்டுரை பத்திக் கொஞ்சம் பேசணும். நாளைக்கு நேர்ல வாங்க" என்று மொழி ஆசிரியை சொன்னதோடு சரி. என்ன விஷயம் என்று சொல்லவில்லை. அதுதான் சல்லடையைப் பிடுங்கித் தின்றது.

காலையில் மகள் வாசலருகே உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கட்டுரையை யார் எழுதினது?"

"நான்தான்."

சல்லடை ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். கொஞ்சம் பொறுத்து, "எழுதறப்போ பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்றாள்.

"இல்லைம்மா."

ரொட்டியை டப்பாவில் வைத்து மூடினாள். "சனிக்கிழமை வந்தாரே சித்தப்பா, அவர் சாப்பிட்டுட்டுத்தானே கிளம்பினார்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவது கேள்வியைப் பக்கவாட்டுல கேப்பே. எனக்குத் தெரியும்மா. நான்தான் எழுதினேன்."

"பரீட்சை நேரத்துல பிள்ளையைக் குடையாதே" என்றார் வீட்டுக்காரர், சாப்பாட்டு மேசையிலிருந்து. கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி. "மார்க் விஷயமா ஏதாவது இருக்கும். போய்ட்டு வந்து சொல்லு."

மகள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். போகும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிற பெண். சல்லடை இதைக் கவனித்தாள். கவனிக்காமல் இருக்க அவளுக்கு வராது, பழக்கதோஷம்.

அவள் சந்தேகம் முழுக்க வீட்டுக்காரரின் தம்பி மேல் இருந்தது. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவன். சனிக்கிழமை மகளின் அறையில் வெகுநேரம் அரட்டை. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. கணக்குச் சரியாக இருந்தது. மதியம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, நான் பிழைக்கறதே நாலு வார்த்தையில" என்றான் அவன். "அஞ்சாவது வார்த்தை எழுதினா எங்க முதலாளி அடிக்க வர்றார். கட்டுரையெல்லாம் என் தலையில கட்டாதீங்க."

"அப்போ அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"அவதான் பேசினா. ஒருத்தர் நம்மளை ஏமாத்தப் பேசறாரா, நம்ம நல்லதுக்குப் பேசறாரான்னு பேச்சை வெச்சே கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டா. முடியாதுன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை."

அந்த வயதுப் பெண் அப்படிக் கேட்டால் எந்தத் தாயும் ஒரு பையனைத்தான் தேடுவாள். எந்தப் பையன், என்ன பேசினான் என்றெல்லாம் யோசித்தபடி சல்லடை பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கினாள். தப்பான தடம். ஆனால் அவளைக் குறை சொல்ல முடியாது. தன் வீட்டுக் கதவைத் தவிர எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பதுதான் சந்தேகத்தின் குணம்.

ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை விடைத்தாள் கட்டுகள். மொழி ஆசிரியைக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே நாற்காலியைக் காட்டினார்.

"நல்லா எழுதியிருக்கா. அதுதான் பிரச்சினை."

"நல்லா எழுதறது ஒரு குற்றமா டீச்சர்?"

"இது என்ன மாதிரிக் கட்டுரைன்னு சொல்றேன், கேளுங்க. பிள்ளைங்ககிட்ட ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொடுப்போம். யாரோ எதையோ வாதாடி எழுதியிருப்பாங்க. அவர் சொல்றது சரியா தப்பான்னு பிள்ளைங்க சொல்லக் கூடாது. படிக்கிறவங்களைத் தன் பக்கம் இழுக்க அவர் என்னென்ன பண்றார், எங்கே ஆதாரம் தர்றார், எங்கே பயமுறுத்தறார், எங்கே கண்ணீர் வரவைக்கிறார், அதைப் பிரிச்சுக் காட்டணும். பாதிப் பேருக்கு இதுவே புரியாது. எழுதினவரோட மல்லுக்கு நிப்பாங்க."

சல்லடை தலையாட்டினாள். தன் வேலையைத்தான் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும்.

"காகிதத்துல இருக்கறதை மட்டும்தான் வெச்சு எழுதணும். இதுதான் முதல் விதி. இப்போ உங்க பொண்ணு எழுதினதைப் பாருங்க." ஆசிரியை சிவப்பு மையால் கோடிட்ட இடத்தில் விரலை வைத்தார்.

*இந்த எழுத்தாளர் எப்போதும் முதலில் ஒரு சின்னக் குறையைத் தாமாகவே ஒப்புக்கொள்வார். இவர் நேர்மையானவர் என்ற எண்ணம் நமக்கு வந்த பிறகுதான் பெரிய விஷயத்துக்கு வருவார். வேண்டுமா என்று இவர் ஒருபோதும் கேட்க மாட்டார். எது வேண்டும் என்றுதான் கேட்பார்.*

"எப்போதும். ஒருபோதும்" என்றார் ஆசிரியை. "நான் கொடுத்தது ஒரே ஒரு கட்டுரை. புனைபெயர்ல வந்தது. எழுதினவர் யாருன்னு எனக்கே தெரியாது. இவர் எப்பவும் இப்படித்தான்னு உங்க பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளோட எழுத்தை நிறையப் படிச்ச யாரோ பெரியவங்க எழுதிக் கொடுத்திருக்கணும். இல்லைன்னா எங்கிருந்தோ எடுத்திருக்கணும்."

"அவகிட்டயே கேட்டீங்களா?"

"வாயே திறக்கலை. சரின்னு இன்னைக்குக் காலையில வேற ஒரு கட்டுரையைக் கொடுத்து என் கண்ணு முன்னாடி எழுதச் சொன்னேன். எழுதிட்டா. சுத்தமா, அழகா. எழுதத் தெரியாத பொண்ணில்லை. ஆனா அதுல 'எப்போதும்' இல்லை." ஆசிரியை தும்மினார். "இது இறுதித் தேர்வோட சேர்ற உள்மதிப்பெண். அடுத்தவங்க கை பட்டிருந்தா சைபர். அதோட முடியாது. தலைமையாசிரியர் தேர்வு வாரியத்துக்கு எழுதியாகணும். இந்த வருஷம் பரீட்சை எழுத விடுவாங்களான்னே சொல்ல முடியாது. நாளைக்குள்ள நான் பதில் சொல்லணும்."

சல்லடைக்கு உள்ளங்கை வியர்த்தது. அடுத்தவர் வீட்டுப் புளுகைப் பிரிக்கும்போது அவளுக்கு ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

"அந்தப் பத்திரிகைக் கட்டுரையைக் கொஞ்சம் காட்டுங்க."

அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகையிலிருந்து எடுத்த நகல். பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டலாமா என்பது பற்றி. கீழே 'பக்கத்து வீட்டுக்காரன்' என்று போட்டிருந்தது. சல்லடை உதட்டைச் சுழித்தாள். எதிராளியின் வாதம்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உதவும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

*புதிய கட்டடங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமையலறை சிறியது, மறைக்க மாட்டேன்.*

அவள் கண் அந்த வரியில் நின்றது.

மறைக்க மாட்டேன். கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரிடம் முதல் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து நீட்டும்போது அவள் வீட்டுக்காரர் சொல்வது இதுதான். 'கொஞ்சம் கனம்தான், மறைக்க மாட்டேன்.' பிறகு மூன்று சட்டங்களை வரிசையாக வைப்பார். வேண்டுமா என்று கேட்க மாட்டார். மூன்றில் எது என்பார். இப்படித்தான் அவளும் ஒரு காலத்தில் அங்கே கண்ணாடி வாங்கப் போய், கடைசியில் விற்பனையாளரையே கட்டிக்கொண்டு வந்தாள்.

இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ பேர் மறைக்க மாட்டார்கள். மேலே படித்தாள்.

*இடிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் எத்தனை நாள் பேசுவது? மழைக்கு முன்பா, மழைக்குப் பின்பா என்பதே இனிக் கேள்வி.*

அதற்கும் கீழே:

*எனக்குத் தெரிந்த ஒரு பெண், பை நிறையக் காய்கறியோடு இருட்டுப் படியில் தடுக்கி விழுந்தாள். அடி பலமில்லை. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லாமல், உருண்ட தக்காளிகளுக்கு நடுவில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் படிகளை இன்னுமா காப்பாற்ற வேண்டும்?*

சல்லடை தாளைக் கீழே வைத்தாள்.

அது அவள். போன வருஷம், மின்விளக்குப் போயிருந்த அன்று. பார்த்தவர் யாருமில்லை. ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள், அதுவும் படுக்கையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அழுதது படிக்காக அல்ல. விபத்தில் போன ஒரு லாரி ஓட்டுநரின் மனைவிக்கு, விதி இடம் கொடுக்கவில்லை என்று இழப்பீட்டை மறுத்து அன்று மதியம் அவள் கையால் எழுதியிருந்தாள். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதையும் சேர்த்துத்தான் அவரிடம் சொன்னாள். அவர் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, காரணத்தை விட்டுவிட்டார்.

மகளின் கட்டுரையைத் திரும்ப எடுத்தாள்.

*அந்தப் பெண் எதற்காக அழுதாள் என்று எழுத்தாளர் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து அழுததால் படிக்காக அழுதாள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கதையைச் சொல்ல அவள் சம்மதித்தாளா என்றும் தெரியவில்லை.*

இவ்வளவு தூரம் பார்க்கத் தெரிந்த பெண்ணையா காப்பி அடித்தாள் என்கிறார்கள் என்று அவளுக்குப் பெருமை பொங்கியது. அதே நொடியில் பெருமைக்குப் பின்னால் அவமானமும் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் மகள் தப்பிப்பாள். ஆனால் விற்கக் கூடாது என்று ஊரைக் கூட்டுகிறவளின் புருஷனே முதுகுக்குப் பின்னால் விற்கச் சொல்லி எழுதுகிறார் என்பது நாலு பேர் வாய்க்குப் போகும்.

"அவளைக் கூப்பிடுங்க டீச்சர்" என்றாள்.

மகள் வந்து நின்றாள். தாயின் கையில் இருந்த நகலைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"டீச்சர், இந்தப் பத்திரிகைக் கட்டுரையை எழுதினது என் வீட்டுக்காரர்" என்றாள் சல்லடை. "எனக்கு இப்போதான் தெரியும். இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதனாலதான் 'எப்போதும்'."

ஆசிரியை கைக்குட்டையை இறக்கினார். மகளைப் பார்த்தார். "அப்படியா?"

"லீவுக்கு அப்பா கடைக்குப் போவேன் மிஸ். கண்ணாடிச் சட்டம் துடைச்சு வைப்பேன். அப்பா பேசறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்." சீருடை நுனியைத் திருகினாள். "நீங்க கொடுத்த கட்டுரையோட முதல் பத்தியிலயே தெரிஞ்சுபோச்சு. எழுத ஆரம்பிச்சப்புறம் நிறுத்த முடியலை."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"வீட்ல சண்டை வரும்னுதான் மிஸ்."

பதில் சட்டென்று வந்தது. தயாராக வைத்திருந்த பதில் மாதிரி வந்தது. சல்லடையின் காதில் ஏதோ உறுத்தியது. மேசைக்கு வரும் மனுக்களில் இப்படி வழவழப்பான ஒரு வரி வந்தால் அதன் கீழே பென்சிலால் கோடு போடுவாள். சீ, பெற்ற மகள் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அப்படின்னா இது திருட்டு இல்லை" என்றார் ஆசிரியை. "ஆனா தப்பு. அப்பாவைப் பத்தித் தெரிஞ்சதைப் பரீட்சைத் தாள்ல எழுதக் கூடாது. காகிதத்துல இருக்கறது மட்டும்தான் உனக்குச் சாட்சி. ரெண்டு மார்க் குறைப்பேன், வருத்தப்படாதே." சிவப்புப் பேனாவைத் திறந்தவர், மூடிவிட்டு சல்லடையைப் பார்த்தார். "உங்களுக்கும் நான் ஏதோ கிளறி விட்டுட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர். என் பொண்ணு அடுத்தவங்க கையெழுத்தைத் தன்னோடதுன்னு காட்டற பிள்ளை இல்லை. அது போதும் எனக்கு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பள்ளி விட்டதும் இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள். மகள் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே வந்தாள்.

"இன்னைக்கே கேக்கணுமாம்மா?"

"பின்னே, நல்ல நாள் பார்க்கச் சொல்றியா?"

"அப்பா பாவம்மா."

"ரெண்டு மார்க் போன நீதான் பாவம். நட."

கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி முன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "காது பக்கம் கொஞ்சம் அழுத்தும், அதை மறைக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், வாசலில் மனைவியையும் சீருடையோடு மகளையும் சேர்த்துப் பார்த்ததும் பேச்சை விழுங்கினார். பெரியவர் யோசித்து வருகிறேன் என்று போய்விட்டார். அந்தக் கடையில் யோசித்து வருகிறேன் என்று யாரும் போய்ச் சல்லடை பார்த்ததில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டாள்.

அவர் துடைக்கும் துணியை மடித்து வைத்தார். மகளை ஒரு முறை பார்த்தார். "தப்புதான். உன்கிட்ட சொல்லாம எழுதினது தப்பு."

"அது சின்னத் தப்பு. பெரிசைச் சொல்லுங்க."

அவருக்கு முகம் சிவந்தது. வழக்கமாக வருகிற அடுத்த வார்த்தை வரவில்லை. மடித்த துணியை மறுபடி விரித்தார். "எனக்கு அந்த வீடு வேண்டாம். நாலு வருஷமா சொல்லப் பாக்கறேன். ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா நீ மூணு கேள்வி கேக்கறே. நான் பதில் தேடறதுக்குள்ள நீ ஃபைலை மூடிடறே. பத்திரிகையில எழுதினா யாரும் நடுவுல கேள்வி கேக்க மாட்டாங்க இல்லையா?"

அது அவளைத் தைத்தது.

"நான் எதுக்கு அழுதேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எழுதலையே."

"எழுதினா எடுபடாது."

இவ்வளவு நேர்மையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. குரலைத் திடப்படுத்திக்கொண்டாள். "சரி. ஞாயித்துக்கிழமை நானே எழுந்து சொல்லிடறேன், இதை எழுதினது யாருன்னு. யார் வேணா என்ன வேணா பேசட்டும். வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. என் கையெழுத்து இல்லாம அந்தக் கட்டுமானக்காரர் ஒரு செங்கல்லைத் தொட முடியாது."

வீட்டுக்காரர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டை விக்கச் சம்மதப் பத்திரம் கொடுத்தாச்சு" என்றார். "போன மாசமே. ரெண்டு கையெழுத்தோட."



"என் கையெழுத்தை யார் போட்டது?"

அவர் மடியிலிருந்த கண்ணாடியையே பார்த்தார். சல்லடை மனதுக்குள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருக்கலாம். இவரால் முடியாது, ரசீதில் இவர் போடுகிற சொந்தக் கையெழுத்தே ஒரு தடவை போல மறு தடவை இருக்காது. கட்டுமானக்காரர் அவள் கையெழுத்தைப் பார்த்ததே கிடையாது. அவள் கையெழுத்தை வருஷக்கணக்காக மதிப்பெண் அட்டையிலும், விடுப்புக் கடிதத்திலும், சுற்றுலா அனுமதியிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

மகள் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரியின் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

"குட்டி" என்றாள் சல்லடை. அதற்கு மேல் கேட்க அவளிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றைக்கூடக் கேட்க தைரியம் வரவில்லை.